பேட்டரி இல்லாத வயர்லெஸ் செட்டு

கொர்ரென்று இரைந்து, நடுநடுவே யாரோ தொண்டையைச் செருமுவதுபோல் விட்டுவிட்டு வரும் வயர்லெஸ் செட்டின் சத்தம்தான், காசிமேட்டு மீன்பிடி "லாஞ்சு"களை நினைத்தால் என் காதில் முதலில் விழும். ஆனால் கல்மண்டபத்தில் எங்கள் வீட்டு அலமாரியில், எல்லம்மன் படத்துக்குப் பக்கத்தில் இருந்த செட்டு வாயே திறக்காது. லாஞ்சில் கெட்டுப்போனதை, அதில் வேலை செய்த சித்தப்பா ஏழுமலை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். எனக்கு அப்போது பத்து வயது.

சித்தப்பா அதில் காதை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார், பதிலும் சொல்வார். ஒருநாள், "இன்னிக்குக் கடல்ல எறங்காதீங்கன்னு சொல்றாங்க" என்று கத்தினார். அன்று மதியமே பேய்க்காற்று அடித்து இரண்டு லாஞ்சுகளின் வலை போனது. அவ்வளவுதான், மறுநாளிலிருந்து கடலுக்குப் போகிறவர்கள் எங்கள் வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தார்கள்.

"இன்னா நைனா, செட்டு இன்னா சொல்லுது?"

அவர் போ என்றால் போவார்கள், வேண்டாமென்றால் திரும்பிவிடுவார்கள். ஆத்தாதான் பேசுகிறாள் என்று அம்மா அவருக்குத் தினமும் குங்குமம் வைத்தாள். நானும் கும்பிட்டேன்.

பிறகு அவர் அம்மா கையால் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"கொயம்புல இன்னாத்தையோ கலக்கிட்ட அண்ணி. அவங்க சொல்லிட்டாங்க."

"ஆமா, சங்கரா மீனைக் கலக்கினேன். மூடிக்கினு துன்னு" என்றாள் அம்மா சிரித்துக்கொண்டே. அவர் சிரிக்கவில்லை. ஐந்து நாள் வெறும் குழாய்த் தண்ணீர்தான், குளியலும் இல்லை. விலா எலும்பு தெரிந்தது. தெருவோ அதை ஆத்தாவுக்கு விரதம் என்று சொல்லி, வாசலில் கற்பூரம் ஏற்றியது.

ஆறாம் நாள் வெள்ளிக்கிழமை, பூசைக்காக அலமாரியைத் துடைத்தபோது செட்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் காலி, ஒரு ஒயர்கூட இல்லை.

"சித்தப்பா, இதுல பேட்டரியே இல்ல."

"தெரியும் கண்ணு" என்றார் மெல்ல. "செட்டு இல்லாமயும் கேக்குது. அதான் பயமாக் கீது."

அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு வந்தவள், ஆட்டோ பிடித்து அவரை அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். இது மனச்சிதைவு என்ற நோய், நாம் பேசுவது எப்படிக் கேட்குமோ அப்படியேதான் அந்தக் குரல்களும் அவருக்குக் கேட்கும், அதனால் பொய் என்று சண்டை போடவும் கூடாது, ஆமாம் என்று தலையாட்டவும் கூடாது, மாத்திரையை மட்டும் விடக்கூடாது என்று அங்கிருந்த டாக்டரம்மா சொன்னதை, அம்மா பிறகு எங்களுக்கு அடிக்கடி சொல்வாள். "மாத்திரையும் ஆத்தா குடுத்ததுதான்" என்பதை அவளே சேர்த்துக்கொண்டாள்.

தேற ஏழெட்டு மாதம் ஆனது. முதல் தடவை அவராகத் தட்டை நீட்டி, "கொயம்பு ஊத்து அண்ணி" என்ற அன்று, அம்மா எல்லம்மனுக்குப் பொங்கல் வைத்தாள். ஆனால் நோயில் கிடந்தபோது கைகூப்பிய அதே தெரு, குணமான பிறகு "மென்டலு" என்று சொல்லி ஒதுங்கிப் போனதை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

இப்போது அம்மா இல்லை. செட்டு எந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போனதோ. சித்தப்பா என்னோடு இருக்கிறார்; வலை பின்னுகிறார். குரல் அடியோடு போய்விடவில்லை, எப்போதாவது தூரத்தில் கேட்கிறதாம். வாசலில் வந்து கேட்க யாருமில்லாததால், காலையில் மாத்திரை கொடுக்கும்போது நான்தான் கேட்கிறேன்.

"சித்தப்பா, இன்னிக்குக் கடலு எப்டி கீது?"

"எனுக்கு இன்னாம்மா தெரியும்? போயிப் பாத்துட்டு வா" என்று தண்ணீருக்குக் கை நீட்டுகிறார்.