மாமாவின் இரத்தமும் அம்மாவின் சரக்குக்கறியும்

உங்கள் அக்காவின் ஆராய்ச்சிக்கு இரத்தம் கொடுத்தவர் உங்கள் மாமா. நான் அல்ல. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவரே வந்து சொல்லுவார். அன்றைக்குச் சின்னவர்கள் நீங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் இருந்தீர்கள். மாமா சொன்ன கதைதான் உங்களுக்குத் தெரியும். அந்தக் கதையில் நான் கார் ஓட்டிக்கொண்டு போனவன், அவ்வளவுதான். ஆகவே என் பக்கத்தையும் கேளுங்கள்.

துறைமுகத்தில் கொண்டெய்னர் ஏற்றிக்கொண்டு ரொறன்ரோவுக்கு ட்ரக் ஓட்டிய காலத்தில்தான் எனக்குக் காலில் இரத்தம் கட்டியது. மணிக்கணக்கில் ஒரே இருப்பு. ஒருநாள் இறங்கிப் பார்த்தால் இடது கால் காற்சட்டைக்குள் அடங்காமல் வீங்கி நின்றது. ஆஸ்பத்திரியில் கட்டிலோடு கிடந்தபோது பக்கத்திலேயே இருந்தவள் அக்கா. “கட்டின இரத்தம் எப்படிக் கரையும்?” என்று டொக்டரைத் துருவித் துருவிக் கேட்டாள். இனி இரத்தம் கட்டக்கூடாது என்று அன்று தொடங்கிய குளிசையை இன்றும் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

பிறகு அவள் படிக்க எடுத்ததும் அதையேதான். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், நாங்கள் இருக்கிற தீவின் அந்தத் தொங்கல் முனையில் உள்ள பல்கலைக்கழகக் கம்பசில், ஒரு தாய்லாந்து ரீச்சரிடம் சேர்ந்தாள். அந்த ரீச்சரின் ஊரில் கைகால் பிடிப்புக்கும் வலிக்கும் பழைய காலத்து மருந்துத் தூள்கள் பல இருக்கின்றனவாம். இரத்த ஓட்டத்துக்கு நல்லது என்று சனங்கள் காலங்காலமாகக் குடிக்கிறார்கள். உண்மையிலேயே அவை கட்டிய இரத்தத்தைக் கரைக்குமா, இல்லாவிட்டால் வெறும் பேச்சா என்று சோதித்துப் பார்ப்பதுதான் அவர்களுடைய வேலை.

சோதிக்கும் விதத்தை அக்கா எனக்கு விளங்கப்படுத்தினாள். சுகதேகியான ஒருவரின் இரத்தத்தைச் சின்னச் சின்னக் குழாய்களில் ஊற்றிக் கட்டியாக விடுவார்கள். கட்டியை நிறுப்பார்கள். மேலே மருந்துச் சாற்றை விட்டு, உடம்பின் சூட்டில் கொஞ்ச நேரம் வைப்பார்கள். கரைந்ததை வடித்துவிட்டு மறுபடி நிறுத்தால், எவ்வளவு போனது என்று தெரிந்துவிடும். ஒரு குழாயில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் ஆஸ்பத்திரி மருந்து. அந்த இரண்டோடும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் தூளின் கெட்டித்தனம் வெளிக்கும்.

“அப்ப இரத்தம் வேணுமெல்லோ?” என்று நான் கையை நீட்டினேன்.

“உங்கட இரத்தம் எடுக்க ஏலாது அப்பா. நீங்கள் குளிசை போடுறீங்கள்.”

சரி, விட்டுவிட்டேன். ஆனால் அடுத்த கிழமை மாமா எங்கள் வீட்டுக் கதிரையில் சாய்ந்து இருந்துகொண்டு, “என்ர இரத்தம் கம்பசுக்குப் போகப் போகுது, அத்தான்” என்றாரே, அப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கால் வீங்கினது எனக்கு. அந்தக் காலைப் பார்த்துத்தான் பிள்ளை இந்தப் படிப்புக்கே போனாள். ஆராய்ச்சி முழுக்க இவருடைய இரத்தத்தில் நடக்கப்போகிறதாம்!

உங்கள் அம்மாவோ தன் தம்பி இரத்தம் கொடுக்கப் போகிறான் என்று கேள்விப்பட்ட நாள் தொடக்கம் சரக்குக்கறி காய்ச்சத் தொடங்கிவிட்டா. உங்களுக்குத் தெரியும்தானே, பிள்ளை பெற்றவர்களுக்கும் நோயில் கிடந்து எழும்பியவர்களுக்கும் எங்கள் ஆட்கள் கொடுப்பது. மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், இஞ்சி, ஒரு கை உள்ளிப்பூண்டு எல்லாம் அரைத்து, விளைமீன் போட்டு. அஹுன்ட்சிக் பகுதியில் எங்கள் வீட்டு மாடிப்படியில் ஏறும்போதே மூக்கில் ஏறும். மாமா ஒவ்வொரு நாளும் வேலை முடிய நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார்.

எனக்கு என்ன கிடைத்தது? பருப்பும் பூசணிக்காயும். நான் ஆஸ்பத்திரியால் வந்தபோது, இந்தக் குளிசையோடு நாட்டு மருந்து எதையும் கேட்காமல் எடுக்க வேண்டாம் என்று பார்மசியில் சொன்னார்கள். அதைக் கேட்ட அம்மா உள்ளியையும் இஞ்சியையும் என் சாப்பாட்டுக் கோப்பைப் பக்கமே வரவிடவில்லை.

“இன்னுமொரு துண்டு போடு தம்பி. உடம்பில பலம் வேணும்” என்றா அம்மா.

“காணுமக்கா.”

“என்ன காணும்? ஊசியால உறிஞ்சப் போறாங்கள்.”

எனக்குப் பொறுக்கவில்லை. “என்ர இரத்தத்துக்குக் கூடாத கறி இவரின்ர இரத்தத்துக்கு மட்டும் எப்பிடிக் கூடும்? சோதனைக்குக் குடுக்கிற இரத்தமெல்லோ?” என்றேன்.

மாமா மீன் முள்ளை ஒதுக்கிவைத்துவிட்டுச் சிரித்தார். “அத்தானுக்கு வயிறு எரியுது. அக்கா, அவருக்கு ஒரு கரண்டி குழம்பைத் தண்ணி விட்டுக் குடுங்கோ.”

“இஞ்சருங்கோ, சாப்பிடுற பிள்ளையைப் பாத்துக் கண்ணூறு படுத்தாதேங்கோ” என்றா அம்மா.

வயிறு எரிந்தது உண்மைதான். நான் ஒன்றும் அறிந்து சொல்லவில்லை. அந்த மீன் துண்டைப் பார்த்துத்தான் சொன்னேன். அக்கா கம்பசுக்குப் பக்கத்தில் அறை எடுத்து இருந்தபடியால், இதைக் கேட்டு விளங்கிக்கொள்ள வீட்டில் ஆளில்லை.

இரத்தம் எடுக்கிற நாள் காலை மாமாவைக் கம்பஸ் ஆய்வுகூடத்துக்கு ஏற்றிக்கொண்டு போனேன். அன்றைக்கு என் குளிசையைப் போடாமல் ஒரு தாளில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நேர்ஸ் பிள்ளை “பொன்ஜூர்” சொல்லிவிட்டு, ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா, மூலிகை எதுவும் சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். “நோ, நோ” என்றார் மாமா, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. ஊசியைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி என் கையைப் பிடித்தார் பாருங்கள், அவருடைய மோதிரம் என் விரலில் பதிந்துவிட்டது.

எல்லாம் முடிந்தது. அக்கா குழாய்களை வரிசையாக அடுக்கிக்கொண்டு நிற்கிறாள். மாமா பையில் இருந்து ஒரு டப்பாவை எடுத்து ரீச்சரிடம் நீட்டினார். “என்ர அக்கா உங்களுக்கெண்டு தந்துவிட்டவ. இந்தக் கிழமை முழுக்க நான் இதைத்தான் சாப்பிட்டனான்” என்றார் தனக்குத் தெரிந்த இங்கிலிசில். அம்மா யாரையும் வெறுங்கையோடு பார்க்க அனுப்பமாட்டாதானே.

ரீச்சர் மூடியைத் திறந்து மணந்து பார்த்தா. பிறகு தட்டில் இருந்து ஒரு போத்தலை எடுத்து, அதையும் டப்பாவையும் அக்காவின் மூக்கடியில் மாறி மாறிப் பிடித்தா. தாய்லாந்துத் தூள். மிளகும் இஞ்சியும் இன்னும் என்னவோவும் அதிலும் இருந்தன. எனக்கே எங்கள் குசினி மணந்தது. ரீச்சர் விழுந்து விழுந்து சிரித்தா. கொஞ்ச நேரத்தால் சிரிப்பை நிறுத்திவிட்டு, அந்தக் குழாய்களை ஒரு பக்கம் தள்ளி வைத்தா.

“மாமா, மூலிகை எடுத்தனீங்களோ எண்டு கேட்டவையெல்லோ?” அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது.

“அது மூலிகையே பிள்ளை? அது கறி!”

கறி ஏதாவது செய்ததோ இல்லையோ, யாருக்கும் தெரியாது. தெரியாததுதான் தொல்லை என்றாள் அக்கா. கட்டி கரைந்தால் தூளால் கரைந்ததா, அம்மாவின் உள்ளியால் கரைந்ததா என்று சொல்ல ஏலாது. மாமா சரக்கில்லாத வெறும் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டு இருந்து, பிறகு ஒருநாள் வர வேண்டும்.

என் நேரம் வந்துவிட்டது என்று நினைத்தேன். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, “பிள்ளை, நான் இண்டைக்குக் குளிசை போடேல்லை. இன்னும் கொஞ்ச நாள் விட்டால் என்ர இரத்தமும் சுத்தமாயிடும். என்ரயை எடு” என்றேன்.

அக்கா அப்படிக் கோபப்பட்டு நான் கண்டதில்லை. “குளிசை எங்க?”

பையைக் காட்டினேன்.

“திரும்பக் கட்டினால் என்ன செய்யிறது? கால்ல நிண்டது நெஞ்சுக்குப் போனால்? எனக்கு உங்கட இரத்தம் குழாயில வேண்டாம் அப்பா. அது உங்களுக்குள்ள ஓடினால் காணும்.”

லாப்புக்குள் தண்ணீர் குடிக்கக்கூடாது என்று என்னை வெளியே கூட்டிக்கொண்டு போய், ஒரு கோப்பையில் தண்ணீர் பிடித்துத் தந்தாள். விழுங்கினேன்.

“வாயைத் திறவுங்கோ.”

திறந்தேன்.

“நாக்கைத் தூக்குங்கோ.”

தூக்கினேன். போகிற வருகிற மாணவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டு போனார்கள். அவள் நன்றாகக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் மாமாவும் என் பக்கத்தில் இருந்து பருப்பும் பூசணிக்காயும் சாப்பிட்டார். “இதை எப்பிடி அத்தான் நாள் முழுக்கத் தின்னுறியள்?” என்று கேட்டார். அவருக்கு இன்னும் ஒரு அகப்பை பூசணிக்காய் அள்ளிப் போட்டேன். இரண்டாம் முறை அவருடைய இரத்தம் சரிவந்தது. முழங்கையில் ஒட்டிவிட்ட பஞ்சை வீட்டுக்கு வந்தும் அவர் கழற்றவில்லை. சட்டைக் கையை இறக்கிவிடவும் இல்லை.