தானம் என்று எழுதிய நிலம்

பழுப்பேறிய அந்த நிலப் பதிவேட்டுப் பக்கத்தை இன்று நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது. விருத்தாசலத்துக்கு வெளியே இருக்கும் எங்கள் ஊர் மேட்டைப் பற்றிய பக்கம் அது. வெள்ளைக்காரன் அளந்தபோது மேட்டில் இருளர் குடும்பங்கள் குடிசை போட்டிருந்தன. ஏர் ஓட்டவில்லை, வரி கட்டவில்லை என்பதால் அவர்கள் இருந்ததாகவே அவன் எழுதவில்லை. தரிசு என்று எழுதினான். வரி கட்டுகிறோம் என்று மனுப் போட்டவர்களுக்குப் பாதி மேட்டைப் பிரித்துக் கொடுத்தான். ஸ்ரீமுஷ்ணம் பக்கமிருந்து பிழைக்க வந்த என் கொள்ளுத்தாத்தா அப்படித்தான் பட்டாதாரர் ஆனார். மிச்ச மேடு புறம்போக்கு; இருளர்கள் அதில் ஒதுங்கிக்கொண்டார்கள்.

அந்தப் புறம்போக்கில் பிறந்தவர் அக்கா. அவரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். செராமிக் கம்பெனியில் பொம்மை அச்சுகளில் மண்கூழ் ஊற்றுவார். நான் நில அலுவலகம் ஒன்றில் எழுத்தர். ஏதோ அரசுக் கட்டடத்துக்கு அந்தப் புறம்போக்கு வேண்டும் என்றபோது, குடிசைகளைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸை எழுதியது என் கைதான். வீடு இடிபட்ட மறுநாள், முழங்கைவரை வெள்ளை மண் காய்ந்திருக்க, அக்கா அலுவலகத்துக்கு வந்து நின்றார். அதன்பின் இரண்டு வருடம் மனு மேல் மனு. கடைசியில் வேப்பூருக்கு அப்பால் ஒரு பாறைக்காட்டில் மூன்று சென்ட் ஒதுக்கி ஆணை வந்தது. அக்கா அதைப் படித்துக் காட்டச் சொன்னார். ‘ஆக்கிரமிப்பாளருக்கு மாற்று இடம்’ என்ற வரியில் என்னை நிறுத்தினார்.

“யாரு எடத்த சார் நாங்க ஆக்கிரமிச்சோம்? அந்த வார்த்தைய அடிச்சிடுங்க, கைநாட்டு வெக்கிறேன்.”

அதிகாரி சிரித்தார். அச்சிட்ட படிவத்தில் அடித்தல் திருத்தல் கூடாதாம். அக்கா மை தொடாமலே போய்விட்டார்.

அன்று அந்த மேசையில் வாய்மூடி உட்கார்ந்திருந்த என்மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். ஓய்வு பெற்றதும் மேட்டில் என் பங்கிலிருந்து ஐந்து சென்டை அக்கா பேருக்கு எழுதத் துணிந்தேன். பரம்பரைச் சொத்தை வாரி விடுகிறேன் என்று அண்ணன் பேச்சை நிறுத்திக்கொண்டார். பரம்பரையாம். பதிவு அலுவலகத்தில் பத்திரம் எழுதுபவர் ‘தானமாக’ என்று வாசித்ததும் அக்கா நிமிர்ந்தார்.

“தானமா? திருப்பிக் குடுத்தேன்னு எழுத முடியாதுங்களா?”

அப்படி ஒரு பத்திரம் சட்டத்தில் இல்லை என்றார் எழுதுபவர். அக்கா வெளியே பார்த்தார். வேப்பமரத்தடியில் அவர் மகள் கைக்குழந்தையோடு நின்றிருந்தாள். அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருந்தார் வீட்டுக்காரர். அக்கா மையில் விரலை அழுத்திக் கைநாட்டு வைத்தார். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் நடந்து போனார்.