அவேரோ விழுங்கிய பெயர்

எங்கள் ஊர் இலோபாவில் அரசர்களின் பெயர்வரிசையை முழுதாகச் சொல்லத் தெரிந்தவள் அவேரோ ஒருத்திதான். அவள் அப்பாவும் சித்தப்பாவும் போன பிறகு அந்த வரிசை வேறு யார் வாயிலும் இல்லை. நான் அவள் அடுத்த வீட்டில் துணியை நீலச் சாயத்தில் முக்குகிறவள். இதில் பாதி நான் கண்ணால் பார்த்தது, மீதி அவளே சொன்னது.

கொக்கோ நல்ல விலைக்குப் போன வருஷம் எங்கள் அரசர் இறந்தார். அடுத்த முறை தங்களுடையது என்று இரண்டு வீட்டார் வந்தார்கள். ஒருவர் ஒயேவுமி. மற்றவர் அடெகுன்லே, பள்ளிக்கூட வாத்தியார், அதிர்ந்து பேசாதவர். எங்கள் அரசர்களுக்கெல்லாம் முதல்வனான ஒரான்மியானின் வழியில் வந்து அரியணையில் உட்கார்ந்த ஒருவராவது வீட்டில் இருந்திருக்க வேண்டும், அதுதான் விதி. அடெகுன்லே வீட்டுக்கு அப்படி இருந்தவர் அஜிபோசே ஒருவரே. நான்கு மாதம் ஆண்டு, அம்மையில் போனவர். அவருக்குச் சிலையும் இல்லை, சமாதியும் இல்லை. பெயர்வரிசையில் பதினாலாவது பெயராக மட்டும் இருந்தார்.

பட்டம் கட்டும் ஐந்து பெரியவர்கள் முன்னால் அவேரோ மண்டியிட்டுப் பாடினாள். பாதி உடம்பு கறுப்பு, பாதி சிவப்பாகப் பிறந்த ஒரான்மியானைப் பாடினாள். அவன் பெனின் நாட்டுக்குப் போய், இந்த மண்ணை இந்த மண்ணில் பிறந்தவனே ஆளட்டும் என்று அங்கே பிறந்த மகனை விட்டுவிட்டு வந்ததை, ஒயோ நகரை நிறுவியதைப் பாடினாள். கிழவனாகி, ஆபத்தில் கூப்பிட்டால் வருவேன் என்று சொல்லி இஃபே நகரில் மண்ணுக்குள் இறங்கியவனைக் குடிவெறியில் யாரோ பொய்யாகக் கூப்பிட, அவன் எழுந்து வந்து எதிரி என்று நினைத்துத் தன் சனங்களையே வெட்டிச் சாய்த்தான். தெரிந்ததும் கைக்கோலை நட்டுவிட்டு ஒரேயடியாகப் போனான். அதையும் பாடிவிட்டு எங்கள் ஊர் அரசர்களுக்கு வந்தாள். பதின்மூன்றாவது பெயரைச் சொன்னாள். மூச்சு வாங்கினாள். பதினைந்தாவதைச் சொன்னாள்.

"இன்னொரு தரம் சொல்லும்மா," என்றார் மூத்தவர் லாவுயி.

இரண்டாம் முறையும் அப்படியே சொன்னாள். அடெகுன்லே தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். ஒயேவுமிக்குக் கிரீடம் வைத்தார்கள்.

ஒரு மாதம் கழித்து அடெகுன்லே, மரியாதைக்குக் கொடுக்கும் கோலாக் கொட்டையோடு அவேரோ வீட்டுக்கு வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று நான் சாயத்தொட்டியை விட்டு எழுந்தேன். அவர் திட்டவில்லை.

"மன்னிச்சிடு அவேரோ. மூணு தலமுறையா எங்க வீட்டுல ஒரு ராசா இருந்தாருன்னு பொய்யச் சொல்லியே எங்கள வளத்திருக்காங்க. நீ மட்டும் இல்லேன்னா அந்தப் பொய்யோடயே போய் உக்காந்திருப்பேன்."

"என்னாங்க இது, விடுங்க..."

"எங்கப்பா சமாதியில இளவரசர்னு வெட்டி வெச்சிருந்தோம். நேத்து நானே உளிய வெச்சுக் கொத்தி எடுத்துட்டேன்."

அவர் போன பிறகும் அவேரோ அந்தக் கொட்டையைத் தொடவில்லை. அன்று அடுப்பு மூட்டவில்லை. சேனைக்கிழங்கை இடித்து எடுத்துப் போனேன். "வெக்கமா இருக்குடி, சோறு வேணாம்," என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்.

விடிந்ததும் லாவுயி வீட்டு வாசலில் போய் விழுந்தாள்.

"கிரீடம் ஏறின தலையில கை வெக்க முடியாதும்மா," என்றார் அவர். "ஆனா பேரு திரும்பி வரணும். சந்தையில, எல்லார் முன்னாலயும் நீயே சொல்லு. அதோட உன் பாட்டு முடிஞ்சுது."

சந்தை நாளில், மிளகாய்க் கூடைகளுக்கு நடுவே அவள் அடெகுன்லேயின் காலடியில் முட்டி போட்டாள். "பதினாலாவது ராசா அஜிபோசே. நான் வேணும்னே முழுங்கினேன்," என்றாள். கூட்டத்தில் ஒருத்தி, "பேரத் தின்னவளே, இப்ப வயிறு நெறஞ்சுதா?" என்று கத்தினாள்.

அடெகுன்லே கையைக் காட்டி அடக்கினார். "ஏன் அவேரோ? நான் ஒனக்கு என்ன பண்ணேன்?"

"ஒங்க தங்கச்சி பிள்ளைக்குப் பேரு வெச்ச அன்னிக்கு நான் பாட வந்தேன். ஒங்கம்மா சொன்னாங்க, வாசல்ல பாடுறவ உள்ள வந்து படுக்க ஆசப்படுறாளான்னு. நீங்க என்னப் பாத்து சிரிச்சீங்க."

அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். நடிப்பில்லை. நிஜமாகவே தேடினார்.

"எப்போ? எனக்கு ஞாபகமே இல்லியே."

இருபத்தாறு வருஷமாக அவள் சுமந்த சிரிப்பு அது. அவருக்கு அது நடந்ததே தெரியவில்லை. அவள் தலை இன்னும் கீழே போனது. நான்தான் தோளைப் பிடித்துத் தூக்கி வீட்டுக்கு நடத்தி வந்தேன்.

வரிசையைத் தன் அண்ணன் மகளுக்குச் சொல்லிக் கொடுத்தாள். பதினாலாவது பெயரைப் பத்து முறை சொல்லவைத்தாள். அடெகுன்லே சமாதியில் அந்த எழுத்தை மறுபடி வெட்டவில்லை. கல் அங்கே பள்ளமாகவே இருக்கிறது. வழியில் பார்த்தால் அவளுக்கு வணக்கம் சொல்லுவார். அதுதான் தாங்க முடியவில்லை என்று அவள் சந்தைக்குச் சுற்றுவழியில் போவாள்.

ஒயேவுமி இறந்து, வயதாகிவிட்ட அடெகுன்லேக்குப் பதில் அவர் மகனுக்குப் பட்டம் கட்டிய நாளில் ஊரே அரண்மனைக்கு ஓடியது. நான் புதுத்துணி கட்டிக்கொண்டு அவளைக் கூப்பிட்டேன்.

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வர்றது? நீ போய்ட்டு வாடி," என்றாள், வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே, என்னை நிமிர்ந்து பார்க்காமல்.