உறுமாமல் நிற்கும் மினி பஸ்

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் துரைப்பாண்டி அண்ணாச்சியைத் தெரியாதவர் இல்லை. திருவேங்கடம் போகும் மினி பஸ்ஸின் டிரைவர். வண்டியை நிறுத்துவார், இன்ஜினை மட்டும் நிறுத்தமாட்டார். உறுமுகிற வண்டி இதோ கிளம்பப்போகிறது என்று ஜனங்கள் ஓடிவந்து ஏறுவார்கள். அண்ணாச்சியோ இருபது நிமிடம் டீக்கடையில் அரசியல் பேசுவார்.

புகைக்குழாய்க்கு நேர் பின்னால் பூ விற்பவர் முத்துமாரியம்மாள். அண்ணாச்சியின் சொந்த மனைவி. மூன்று மாதமாக அவருக்கு இருமல். "டீசல் புகை பக்கத்துல உக்காராதீங்கம்மா" என்றாராம் ஆஸ்பத்திரி டாக்டர்.

"அந்தப் புகைகூடத்தான் டாக்டர், இருபது வருசமா குடும்பம் நடத்துதேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அண்ணாச்சியிடம் கேட்டால், "அவ பனிக்கு இருமுதா. நம்ம வண்டி எங்கவே புகை விடுது? இன்ஜினை அமத்தினா ஆளுக பூரா அடுத்து நிக்கிற வெங்கடேஷ் வண்டிக்கு ஓடிரும்" என்பார்.

எதிரே செல்போன் கடையில் நிற்கும் எனக்கு அந்த இருமல் தொந்தரவு. பாட்டு கேட்க முடியவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை.

வண்டியிலிருக்கும் கோமதி அம்மன் படத்துக்குத் தினமும் ஒரு முழம் மல்லிகை கொடுத்தனுப்புவார் முத்துமாரியம்மாள். அன்று, "நான் குடுத்திருதேன் மதினி" என்று வாங்கிப்போய், புகைக்குழாய்க்கு ஒரு சாண் தள்ளித் தொங்கவிட்டேன். அண்ணாச்சி டீ குடித்து முடிக்கும்வரை அது அங்கேயே ஆடியது. பிறகு அவர் கையில் கொடுத்தேன்.

அவர் எதையும் பார்த்து வாங்கும் ஆள் இல்லை. பக்தியோடு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். கண்ணைச் சுற்றிக் கரி. அப்புறம்தான் பூவைப் பார்த்தார். அதே முகத்தோடு மனைவியிடம் பாய்ந்தார்.

"ஏட்டி, சாமிக்கு இப்படியா பூ குடுப்ப?"

"ஒரு டீ நேரம் உங்க குழாய் பக்கத்துல தொங்குச்சு அண்ணாச்சி" என்றேன், ஓடுவதற்கு வசதியாகத் தள்ளி நின்று. "மதினி நாள் பூரா அங்கனதான இருக்காங்க?"

முத்துமாரியம்மாள் புருசனின் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பு இருமலானது. இருமல் நிற்கவில்லை, கூடைமேல் கவிழ்ந்துவிட்டார். என்னை அடிக்க அண்ணாச்சி ஓங்கிய கை அப்படியே நின்றது. போய் இன்ஜினை அணைத்தார்.

உடனே ஆறு பேர் இறங்கி வெங்கடேஷ் வண்டிக்கு நடந்தார்கள். "வே, கிளம்பத்தான் போறேன்!" என்று கத்தினார். யார் நம்புவது? கடைசியில் டிரைவர் சீட்டில் ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்துகொண்டார். இரண்டு பேர் திரும்பி வந்தார்கள்.

இப்போதும் அப்படித்தான். வண்டி உறுமுவதில்லை, டிரைவர்தான் உறுமுகிறார். டீக்கடை அரசியல் போச்சு. மதினிதான் டீ வாங்கி ஜன்னல் வழியாக நீட்டுகிறார். இருமல் முழுதாகப் போகவில்லை. என் பாட்டுக்குக் கொஞ்சம் வழிவிடுகிறது.

"சீனி பத்தலட்டி" என்கிறார் அண்ணாச்சி, ஸ்டியரிங்கை விடாமல்.