காம்பவுண்டு ஓரத்துக் குழிகள்

பெங்களூர் காக்ஸ் டவுனில் நாங்கள் வாடகைக்கு இருந்த பழைய வீட்டில் எனக்குப் பிடித்ததே முன்னாலிருந்த துண்டு மண்தரைதான். ரோஜாவும் கனகாம்பரமும் வைத்திருந்தேன். ஒரு நாள் காலையில் காம்பவுண்டுச் சுவர் ஓரமாக ஒரு குழி. மறுநாள் அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. ரோஜாச் செடி ஒன்று வேரோடு சாய்ந்து கிடந்தது. எனக்கு வந்த கோபத்தில், அன்றைக்கு என் வகுப்புப் பிள்ளைகள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

கோலார் தங்கவயலில் சுரங்கத்தை மூடிய சமயம் அது. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அம்மா போனபின் அங்கே சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் தனியாக இருந்தவரை நான்தான் பிடிவாதமாக பெங்களூருக்கு அழைத்து வந்திருந்தேன். வராமலிருக்க அவர் சொன்ன சாக்குகளில் கடைசி சாக்கு அவருடைய நாய். அதையும் கூட்டி வந்துவிடலாம் என்று சொல்லி வாயை அடைத்துவிட்டேன்.

பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து, பெருச்சாளிதான், கூண்டு வையுங்கள் என்றார். வைத்தேன். உள்ளே வைத்த மசால்வடையை எறும்பு தின்றது. என் கணவர் கீரி என்றார். கடைசியாகக் கீரியை எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டதும் பேப்பருக்குள் போய்விட்டார். நைனாவைக் கேட்டேன். வாழ்நாளெல்லாம் பூமிக்கு அடியில் வேலை பார்த்த மனுஷர், ஒரு குழியைப் பார்த்துச் சொல்ல மாட்டாரா? அவர் காபியை ஆற்றிக்கொண்டே, எதுவோ தோண்டிவிட்டுப் போகிறது, விடு என்றார். நாய் அவர் காலடியில் தாடையைத் தரையில் வைத்துப் படுத்திருந்தது. வந்த நாளிலிருந்தே அப்படித்தான். அது குரைத்துக்கூட நாங்கள் கேட்டதில்லை.

சரி, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று குழிகளின் முன்னால் குந்தினேன். பெருச்சாளி வளை குறுகலாக, ஆழமாகப் போகும். வாயைச் சுற்றி மண் குவிந்திருக்கும். இவை அகலமாக, அதிக ஆழமில்லாமல் இருந்தன. கீரி புழுவுக்காகக் கிளறினால் இவ்வளவு மண் வராது. இங்கே மண்ணெல்லாம் ஒரே பக்கமாக, வீட்டைப் பார்த்து இறைந்து கிடந்தது. பள்ளியிலிருந்து சாக்பீஸ் துண்டுகளைக் கொண்டுவந்து பொடித்துச் சுவரோரம் தூவி வைத்தேன். காலையில் பார்த்தால், வெள்ளைப் பொடியில் நாயின் கால்தடம். ஏதோ தெருநாய் கேட்டுக்குக் கீழே நுழைகிறது என்று நினைத்துத் தடத்தின் பின்னாலேயே போனேன். தடம் கேட்டுக்குப் போகவில்லை. வராந்தாவில், நைனாவின் கட்டிலடியில் போய் முடிந்தது.

திரும்பவும் குழிகளிடம் வந்தேன். நாய் தோண்டினால் மண் அதன் பின்னால் விழும். மண் வீட்டுப் பக்கம் கிடக்கிறது என்றால், அது சுவரைப் பார்த்து நின்று தோண்டியிருக்கிறது. வெளியே போவதற்காக. அத்தனை குழிகளும் ரயில் லைன் இருக்கும் பக்கத்துச் சுவரில்தான் இருந்தன. அந்த லைனில்தான் நைனாவையும் நாயையும் தங்கவயலிலிருந்து கூட்டி வந்தேன்.

"உனக்குத் தெரியுமா நைனா?" என்று கேட்டேன்.

"மொத நாளே தெரியும். சொன்னா நீ கட்டிப் போட்டுடுவே."

ஒரு சங்கிலி வாங்க வேண்டும் என்று அந்த நிமிடம்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சங்கிலி வாங்காமல், அந்த ஞாயிற்றுக்கிழமை நாயை அதன் பழைய இடத்துக்கே கூட்டிக்கொண்டு ரயிலேறினோம். பங்காருப்பேட்டை தாண்டியதும் அது காலடியிலிருந்து எழுந்து நின்றுகொண்டது. சுரங்கத்து மண்மேடுகள் கண்ணில் பட்டதும் நைனாவும் எழுந்து கதவருகே போய்விட்டார். லைன் வீட்டில் அவர் போட்டுவிட்டு வந்த பூட்டு அப்படியே தொங்கியது. நாய் கதவைப் பார்த்துக் குரைத்தது, இரண்டு தடவை சுற்றியது, வாசலிலேயே சுருண்டு படுத்துக்கொண்டது. நைனா அதன் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். தானும் இங்கேயே இருந்துவிடுவதாக அவர் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். அவர் சொல்லவில்லை. நாய் அங்கேயே இருந்துவிட்டால் சோறு போடுவதாக எதிர்வீட்டு அம்மா ஒப்புக்கொண்டார். நான்தான் ரயிலுக்கு நேரமாகிறது, நேரமாகிறது என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தேன். நைனா போய்ச் சேர்ந்து இத்தனை காலத்துக்குப் பிறகும், அந்தப் படியில் அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார வேண்டும் போல எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

கிளம்பும்போது அவர் நாயைக் கூப்பிட்டார். அது தலையைத் தூக்கிப் பார்த்தது, எழுந்திருக்கவில்லை. மறுபடி கூப்பிடாமல் அவர் என்னோடு நடந்து வந்தார்.

ரயிலில் வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். நான்தான் பொறுக்க முடியாமல், இத்தனை வருஷம் சோறு போட்டவரை விட்டுவிட்டு அங்கேயே இருந்துகொண்டதே என்று நாயைக் குறை சொன்னேன்.

"அதுக்குப் பொண்ணு யாரும் இல்லம்மா," என்றார் நைனா. "அதான் அங்கயே இருந்துடுச்சு."