ஜூலை மாதப் படத்தில் இல்லாதவர்

சுடலைமுத்து அண்ணாச்சி இறந்த செய்தி நம் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் காலை ஆறே முக்காலுக்கு வந்தது. அதற்கு மேலே ஒரு தாமரைப் பூவும் இனிய காலை வணக்கமும் இருந்தன. கீழே, முழங்கால் வலிக்கு வெந்தயம் பற்றிய காணொளி. ஏழு மணிக்குள் பதினோரு பேர் கைகூப்பியிருந்தார்கள். ஒருவர் தவறுதலாகக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டி, பிறகு அழித்துவிட்டார். நான் மாட்டுங்காவில் என் சமையலறையில் காபிக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். செய்தியைப் படித்ததும் குழாயை மூடினேன். அவரிடம் நான் சொல்லியிருந்த ஒரு பொய்யை இனிமேல் திருத்த முடியாது என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

இந்த மலரைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவர் முகம் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் தாராவியிலிருந்து நடந்து வந்து, நம் வாசகசாலையில் மூன்று நாள் பழைய பத்திரிகைகளை வரி விடாமல் படித்துவிட்டுப் போகும் ஒல்லியான மனிதர். திருநெல்வேலிப் பக்கம். மாநகராட்சியில் முப்பது வருடம் சாவிக்காரராக இருந்தவர். இந்த ஊரில் எல்லாத் தெருவுக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் வருவதில்லை. ஒரு பகுதியின் வால்வை மூடி அடுத்ததைத் திறந்துகொண்டே போக வேண்டும். தோள் உயர இரும்புச் சாவியோடு அதைச் செய்து போகிறவர்தான் சாவிக்காரர். மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிவதை மட்டுமே பார்த்துப் பழகிய நமக்கு, இப்படி ஓர் உத்தியோகம் இருப்பது அவரைப் பார்த்த பிறகே தெரிந்தது.

நம் நன்கொடைக் குழுவில் தாராவிக்காரர் ஒருவர் இருக்க வேண்டும் என்று விதி. விதியை எழுதியவர்கள் தாராவியை ரயிலிலிருந்து பார்த்தவர்கள். அவரைச் சேர்த்தோம். முதல் ஆண்டு முழுக்க அவர் எதுவும் பேசவில்லை. ஒருமுறை தலைவர், "அண்ணாச்சி அபிப்பிராயம் என்ன?" என்று கேட்டார். "காப்பி நல்லா இருக்கு சார்" என்றார். அது குறிப்பேட்டில் பதிவாயிற்று.

அடுத்த ஆண்டு, பல நாடுகளில் குடிநீர்க் குழாய் அமைத்துத் தரும் ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்தின் கையேடு வந்தது. அதற்கு நன்கொடை தரலாமா என்று கூடினோம். செம்பூரிலிருந்து வரும் நம் பொருளாளர் விசாலம் மாமி தாளைத் தடவிப் பார்த்து, "ரொம்ப ஒசத்தியான பேப்பர்னா" என்றார். தலைவர், "நிர்வாகச் செலவு கம்மின்னு அவாளே போட்டிருக்கா" என்று ஆதாரம் காட்டினார். அட்டையின் மூலையில் ஒரு படம்: புதுக் குழாயடியில் ஒரு சிறுமி இரு கைகளிலும் தண்ணீரை ஏந்தி, கண்ணை மூடிச் சிரிக்கிறாள். கீழே அவள் பெயரும், இனி அவள் தண்ணீருக்கு அலையாமல் பள்ளிக்குப் போவாள் என்ற வாக்கியமும். தீர்மானத்தை எழுத நான் பேனாவைத் திறந்தேன்.

கையேடு சுற்றி அண்ணாச்சியிடம் போனது. அவர் அதைக் கண்ணுக்கு அருகில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இவ பேரு இது இல்ல சார். ராசாத்தி. எங்களுக்கு அடுத்த கல்லி. படம் எடுக்கதுக்குப் பள்ளிக்கூடத்துலேர்ந்துதான் கூட்டிட்டு வந்தாவ."

அவர் விரல் படத்தில் தண்ணீர் விழும் இடத்தில் இருந்தது.

"இந்தத் தண்ணியத் தொறந்து விட்டது நாந்தான்."

அன்று அவர் சொன்னதை உங்களில் கூட்டத்துக்கு வராதவர்களுக்காக எழுதுகிறேன். குழாயை அந்த நிறுவனம் ஒழுங்காகத்தான் போட்டிருந்தது. ஆனால் அது குழாய் வரிசையின் கடைசி. அங்கே தண்ணீர் ஏறாது என்பது அண்ணாச்சிக்குத் தெரியும். அவரை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. படம் எடுக்க வந்த வெள்ளைக்காரப் பெண் பதினொரு மணிக்கு வெயில் நன்றாக இருக்கும் என்றாள். பதினொரு மணி, புதுக் குழாய் இருந்த சந்துக்கு அடுத்த கல்லியின் முறை. அதை அடைத்தால்தான் புதுக் குழாயில் வரும்.

"மேல இருந்து யாரும் ஆர்டர் போடல சார். பொய் சொல்ல மாட்டேன். அந்த வெள்ளக்காரப் பிள்ள என்னப் பாத்து 'ப்ளீஸ்'னு சொல்லிட்டு. முப்பது வருசத்துல என்னை வைவாவ, கல்லெறிவாவ, பொம்பளையள் குடத்தத் தூக்கிட்டு அடிக்க வருவாவ. ப்ளீஸ்னு ஒருத்தர் சொன்னதில்ல. அடச்சிட்டேன்."

அன்று, அவர் அடைத்த அந்தக் கல்லியில் ஒரு சாவு. அவர்கள் ஊர் வழக்கத்தில் இறந்தவரைக் குளிப்பாட்ட, பிள்ளைகள் குடத்தோடு கொட்டு முழக்கி ஊர்வலமாய்ப் போய்த் தண்ணீர் எடுத்து வருவார்கள். அதற்கு நீர்மாலை என்று பெயர். ஊரில் ஆற்றுக்கோ கிணற்றுக்கோ போவார்கள். தாராவியில் கல்லிக் குழாய்க்குப் போகிறார்கள். வீட்டு டிரம்மில் பிடித்து வைத்த தண்ணீர் ஆகாது. ஆகவே சாவு வீட்டிலும் தண்ணீர் நேரம் பார்த்துத்தான் கிளம்புவார்கள். அன்றும் பதினொரு மணி பார்த்துக் கிளம்பினார்கள்.

"கொட்டு வார சத்தம் எனக்குக் கேக்கு. நான் இங்க ராசாத்தி பக்கத்துல நிக்கேன். படம் எடுக்குத பிள்ள 'ஒன் மோர், ஒன் மோர்'ங்கு. கொட்டு குழாயடிக்கு வந்துட்டு. பொறவு நின்னுட்டு சார். நின்ன சத்தம் எனக்குக் கேட்டுச்சு."

இருபது நிமிடம் கழித்து அவர் ஓடிப் போய் வால்வைத் திறந்தபோது குழாயடியில் யாரும் இல்லை. இறந்தவரின் மூத்த மகன் கடையில் பாட்டில் தண்ணீர் வாங்கி, ஒவ்வொன்றாக மூடியைத் திருகி, குடத்தில் ஊற்றி நிரப்பிக்கொண்டு போயிருந்தான். உடைந்த மூடி வளையங்கள் மட்டும் தரையில் கிடந்தன.

தலைவர், "இப்போ அந்தக் குழாய் எப்படி இருக்கு?" என்றார்.

"நல்லா ஸ்டிராங்கா இருக்கு சார். ஒருத்தரு சைக்கிளச் சங்கிலி போட்டுப் பூட்டுதாரு."

அப்படியென்றால் கொடுக்க வேண்டாம் என்று மாமி கையேட்டை மூடினார். அண்ணாச்சி அதற்கும் ஒப்பவில்லை. "குழா போடுதவன வேண்டாம்னா யாரு போடுவா? கேட்டுட்டுக் குடுங்க" என்றார். மூன்று கேள்விகளை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நீங்கள் போன பிறகு சாவி யார் கையில்? இந்தத் தண்ணீர் இதற்கு முன் யாருக்குப் போய்க்கொண்டிருந்தது? நீங்கள் வைத்ததில் எத்தனை குழாய் நின்றுபோனது? மூன்றாவதுதான் முக்கியம் என்றார். "நின்னு போனத எழுதி வச்சிருந்தா குடுங்க சார். இல்லேன்னா நீங்க காலண்டருக்குத்தான் குடுக்கீய."

காலண்டர் என்று அவர் ஒரு பேச்சுக்குச் சொன்னார். அந்தக் கேள்விகளோடு நாம் அனுப்பிய கடிதத்துக்குப் பதிலாக நன்றி அட்டையோடு வந்தது காலண்டரேதான். ஜூலை மாதத்தில் ராசாத்தி. "மொதல்ல மூலைல கெடந்தா, இப்ப முழுப் பக்கம்" என்று சிரித்தார் அண்ணாச்சி. பிறகு சிரிக்காமல், "திரும்ப எழுதுங்க சார். ஒருத்தன் படிக்காமலா போயிருவான்?" என்றார்.

எழுதுகிறேன் என்றேன். அடுத்த ஞாயிறு, "கடுதாசி போட்டாச்சா சார்?" என்று கேட்டார். எழுதுவது என் தொழில், ஆகவே எழுதியிருக்கவில்லை. போட்டாச்சு என்றேன். அதன்பின் அவர் அதைக் கேட்பதை விட்டு, "பதில் வந்துச்சா?" என்று கேட்கத் தொடங்கினார். ஒவ்வொரு ஞாயிறும், செருப்பை வாசலில் விடும்போதே. இல்லை என்பேன். "வரும் சார். வெளிநாடுல்லா, தூரம்" என்று அவரே எனக்குச் சமாதானம் சொல்வார். நன்கொடை முடிவாகாமல் ஓர் ஆண்டு தள்ளிப்போனது. அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நடந்து வருகிறவர் பஸ்ஸில் வந்தார். கேள்வியை மட்டும் விடவில்லை.

அவர் இறந்த அன்று தாராவிக்குப் போனபோது மணி பன்னிரண்டு. வீட்டு வாசலில் அவரை நாற்காலியில் சார்த்தி உட்கார வைத்திருந்தார்கள். எல்லாம் தயார், தண்ணீர் மட்டும் இல்லை. அவர்கள் கல்லிக்கு முறை நாலரை மணி. அவருக்குப் பின் வேலைக்கு வந்த மராத்திச் சாவிக்காரர், சாவியோடு ஓரமாக நின்றுகொண்டிருந்தார். அவர் அண்ணாச்சியின் மனைவி செல்லக்கனியம்மாளிடம் குனிந்து, "சாச்சி, அபி கோலூம் க்யா?" என்றார். இப்போதே திறந்து விடவா என்ற கேள்வி. தன் குருவுக்கு அவர் தரக்கூடிய ஒரே மரியாதை அதுதான்.

அந்த அம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு, "இப்ப யாரு மொற?" என்று கேட்டார்.

அடுத்த கல்லி என்றார் அவர்.

"அவிய புடிக்கட்டும்யா. இவரு இருப்பாரு. இவரு என்ன டியூட்டிக்கா போவணும்?"

காத்திருந்தோம். மயான வண்டிக்காரர் இரண்டு முறை ஹார்ன் அடித்துப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனார். நான்கரைக்குக் கொட்டு முன்னால் போக, மகன் குடத்தோடு நடந்தான். குழாயடியில் கொட்டு நின்றது. குழாய் காற்றை மட்டும் இருமிக்கொண்டிருந்த அந்தச் சில நொடிகளில்தான், நின்ற சத்தம் என்று அவர் சொன்னது எது என்று எனக்குக் கேட்டது. பிறகு தண்ணீர் வந்தது.

மறுநாள் காலையில் அந்தக் கடிதத்தை எழுதினேன். எழுத ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பதில் ஒன்பதே நாளில் வந்தது. படம் இல்லை, ஒரு பொறியாளர் கையெழுத்திட்ட ஒற்றைத் தாள். கூடவே ஒரு பட்டியல். ஓடும் குழாய்கள், அவற்றைப் பழுது பார்ப்பவர்களின் பெயர்கள். நின்றுபோன குழாய்கள், நின்ற காரணங்கள். தாராவிக் குழாய்க்கு நேரே, "தண்ணீர் முறை பற்றி விசாரிக்காமல் வைத்தோம். எங்கள் தவறு" என்று இருந்தது. தண்ணீர் இதற்கு முன் யாருக்குப் போனது என்ற இரண்டாவது கேள்விக்கு, "இதை நாங்கள் எங்கும் கேட்டதில்லை. பதில் தெரியவில்லை" என்று எழுதியிருந்தார்கள். எல்லாக் கேள்விக்கும் விடை தெரிந்த நிறுவனங்களுக்கே இத்தனை ஆண்டுகள் கொடுத்து வந்த நம் குழு சற்றுத் திகைத்தது. அண்ணாச்சி சொன்ன அளவுகோல்படி, கொடுக்கலாம் என்று முடிவு செய்தோம். அந்தப் படத்தை இனி பயன்படுத்தக் கூடாது என்று ஒரு நிபந்தனையும் சேர்த்தோம். அவர் இருந்திருந்தால் அந்த இரண்டாவது பதிலுக்கு என்ன சொல்லியிருப்பார் என்று தெரியாது. தீர்மானத்தை எழுதும்போது வாசலில் செருப்பு விடும் சத்தம் கேட்டது. யாரோ வாசகசாலைக்கு வந்தவர்.

அவர் வேலை செய்வதை யாரும் படம் எடுத்ததில்லை. அஞ்சலிச் சுவரொட்டிக்குக்கூட ஆதார் அட்டைப் படத்தைத்தான் பெரிதாக்கினார்கள். அவர் கை திருப்பிய தண்ணீர் பதிவாகியிருக்கும் ஒரே படம் அந்த ஜூலை மாதத் தாள். அதைக் காலண்டரிலிருந்து கிழித்து என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். என்னிடம் அவருடையதாக இருக்கும் இன்னொன்று, காலையில் காபிக்குத் தண்ணீர் பிடிக்கும்போது வருகிறது. எங்கள் வீட்டில் எந்த நேரம் திறந்தாலும் குழாயில் தண்ணீர் விழும். அது விழத் தொடங்கியதும், இந்நேரம் எந்தக் கல்லியில் கொட்டு நின்றிருக்கும் என்று காது கொடுக்கிறேன்.