மாதச் சம்பளத்தை வேண்டாம் என்றவர்

கோவிலம்பாக்கம் சாலையோரத்தில் நான்கு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மீன் விற்பார்கள். நான் வாங்குவது மூக்குத்தி போட்ட, கனத்த குரல்காரரிடம். அவரிடம்தான் கூட்டம். தன்னிடம் இல்லாத மீனைக் கேட்டால் பக்கத்துக் கூடையைக் காட்டி, "அங்க கீது, வாங்கிக்கோ" என்பார்.

ஒருநாள் மீனை வீட்டுக்கே அனுப்பும் கம்பெனியிலிருந்து இருவர் வந்து, கொள்முதல் பார்க்க அவரை மாதச் சம்பளத்துக்குக் கூப்பிட்டார்கள்.

"நாலு பேரையும் எடுத்துக்கினா வரேன்" என்றார் அவர்.

ஒருவர் போதும் என்று சொல்லிவிட்டு அவர்கள் போய்விட்டார்கள்.

"நல்ல வேலையாச்சேக்கா, ஏன் விட்டீங்க?" என்று கேட்டேன்.

"நான் போய்ட்டா இந்தப் பக்கம் யாரும் வரமாட்டாங்க சார். இவங்க இன்னா பண்ணுவாங்க?"

அடுத்த மாதம் அதே வேலைக்குப் பக்கத்துக் கூடைக்காரர் சேர்ந்துவிட்டார். கோபமில்லையா என்றேன்.

"அவ பொண்ணு காலேஜ் படிக்குது. போவட்டும்" என்றபடி செதிலைச் சுரண்டினார்.

சிறுசேரி ஐ.டி. கம்பெனிகளில் புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு முன்னேறுவது எப்படி என்று வகுப்பெடுப்பது என் தொழில். அவரைப் பற்றி அங்கே சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைக்கிறேன். எதற்கு உதாரணமாகச் சொல்வது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.